ஹாலந்தின் சைக்கிள் பாதைகளும் அவற்றைக் கேட்டுப் பெற்றவர்களும்

ஹாலந்துக்குப் போய்வரும் நம்மவர்கள் அந்நாட்டைப் பற்றி வியந்து சொல்லும் விஷயங்களில், கால்வாய்களுக்கும் காற்றாலைகளுக்கும் அடுத்தபடியாக இடம்பெறுவது சைக்கிள்தான். ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ஜனங்கள் வாழும் அந்தச் சிறிய தேசத்தில் 2 கோடியே 30 லட்சம் சைக்கிள்கள் ஓடுவதும், மக்கள் மேற்கொள்ளும் பயணங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சைக்கிளிலேயே நடந்தேறுவதும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை பெரியவர் துணையின்றிப் போகும் அதே பாதையில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு நிதானமாக மிதித்துச் செல்வதும், பார்க்கிறவர் மனத்தைக் கவர்வதில் ஆச்சரியம் இல்லை. இதற்குக் காரணம் என்னவென்று கேட்டால், பூமி சமதரையானது, ஊர்கள் சிறியவை, அந்த ஜனங்களின் சுபாவமே அப்படி என்று மூன்று விடைகள் தயாராக வரும். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் 1950க்கும் 1970க்கும் இடைப்பட்ட காலத்தில் பூமி அதே சமதரையாகத்தான் இருந்தது. ஊர்கள் அதே ஊர்கள். மக்களும் அதே மக்கள். அந்த இருபது ஆண்டுகளில்தான் சைக்கிள் ஓட்டுவோர் தொகை அங்கே வருஷத்துக்கு வருஷம் சரிந்து, இனி அது மறைந்துபோகும் வாகனம் என்று நகர நிர்மாணம் செய்வோர் முடிவு கட்டும் நிலை ஏற்பட்டது. அந்தச் சரிவைத் தடுத்து, போக்கையே திருப்பியவை இயற்கையும் சுபாவமும் ஆகா. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும், அவர்களோடு சேர்ந்துகொண்ட மாணவரும் பத்திரிகையாளரும் பொறியியலாளரும் பத்து இருபது ஆண்டுகள் விடாமல் நடத்திய ஒரு கிளர்ச்சியே அதைச் செய்தது. அந்தக் கிளர்ச்சி எவ்வாறு வென்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹாலந்தில் சைக்கிளுக்கு அரசாங்கத்தின் ஆதரவு எப்போதும் இருந்துவந்தது என்று நினைப்பதும் தவறு. 1924ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கம் சைக்கிள் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 3 கில்டர் வரி விதித்தது. வரி கட்டியதற்கு அடையாளமாகச் சிறிய உலோக வில்லை ஒன்றை வண்டியில் பொருத்திக்கொள்ள வேண்டும். வேலையில்லாத ஏழைகளுக்கு அந்த வில்லை இலவசம், ஆனால் அதன் நடுவே வட்டமாகத் துளை ஒன்று இட்டுத்தான் கொடுத்தார்கள். தெருவில் எதிரே வருகிறவர் யாராயினும் இந்த வண்டிக்காரன் வரி கட்ட வகையற்றவன் என்று கண்டுகொள்ளும்படி செய்த அந்தத் துளையில் எத்தனை அவமதிப்பு அடங்கியிருந்தது என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். இப்படித் திரட்டிய பணம் சாலை நிதிக்குப் போயிற்று. அந்த நிதியைக் கொண்டு அமைத்த நெடுஞ்சாலைகளின் பெரும் பயன் மோட்டார் வைத்திருந்த சிலருக்கே கிட்டியது. 1941இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போதுதான் அந்த வரி நீங்கியது. அக்காலத்தில் நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் சைக்கிளுக்கெனத் தனிப்பாதைகள் போட்டார்கள் என்பது மெய்யே. ஆனால் அவற்றுள் பல, மோட்டார்கள் தடையின்றிப் போகும்பொருட்டுச் சைக்கிள்காரரை ஒதுக்கிவைக்கும் எண்ணத்தில் போட்டவை. ஒதுக்குவதற்காகப் போட்ட பாதை, ஆபத்து மிகுந்த சாலைச் சந்திக்கு வந்தவுடன் முடிந்துபோகும். காப்பதற்காகப் போட்ட பாதையோ சந்தியைக் கடந்து மறுபுறம் சேரும்வரை உடன்வரும். பாதையின் நோக்கத்தை அறிய விரும்புகிறவர் அதன் நடுப்பகுதியைப் பார்க்க வேண்டியதில்லை. அது முடியும் இடத்தைப் பார்த்தால் போதும்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து நாடு செழிக்கத் தொடங்கியதும் மோட்டார்கள் பெருகின. 1960க்கும் 1970க்கும் இடையே மட்டும் அவற்றின் எண்ணிக்கை நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் போலீஸ் தலைவர், கால்வாய்கள் சிலவற்றை மண்ணிட்டு நிரப்பிச் சாலைகளாக்கலாம் என்று 1954இலேயே யோசனை கூறினார். 1967இல் யோகினன் என்ற அமெரிக்க நிபுணர், தொழிலாளர் நெருக்கமாக வாழ்ந்த டெ பைப் என்னும் பகுதியின் ஊடே அகன்ற மோட்டார்ச் சாலையை நகரின் மையம்வரை கொண்டுவரத் திட்டம் தீட்டிக் கொடுத்தார். அந்த யோசனைகள் நிறைவேறவில்லை. ஆனால் அவற்றைப் பெற்றெடுத்த மனோபாவம் நாடெங்கும் ஆட்சி செய்தது. நகர்ச் சதுக்கங்கள் மோட்டார் நிறுத்தும் இடங்களாயின, நடைபாதைகள் குறுகின, குழந்தைகள் விளையாடிய தெருக்கள் அவர்களுக்கு விலக்கப்பட்ட பிரதேசங்களாயின. 1971ஆம் ஆண்டில், 1 கோடியே 30 லட்சம் ஜனத்தொகை கொண்டிருந்த அந்நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர் சுமார் 3,300 பேர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள்.

அக்குழந்தைகளுள் ஒன்று, சைக்கிளில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமி. அவளுடைய தந்தை விக் லாங்கன்ஹோஃப், டெ டெய்ட் என்ற பத்திரிகையில் பணிபுரிந்தவர். வேகமாக வந்து மோதிய மோட்டாரை ஓட்டியவருக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 150 கில்டர். மகளை இழந்த மறு ஆண்டு, 1972 செப்டம்பரில், அவர் தமது பத்திரிகையில் "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். தம் சொந்தத் துயரத்தை அவர் அதில் பெரிதுபடுத்தவில்லை. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பலிகொடுத்துவிட்டு, அதை முன்னேற்றத்துக்குச் செலுத்தவேண்டிய விலை என்று சமூகம் சமாதானம் செய்துகொள்வதைத்தான் அவர் தாங்கமாட்டாதவராய்க் கண்டித்தார். கட்டுரையைப் படித்தவர்கள் திரண்டார்கள். கட்டுரையின் தலைப்பே சங்கத்தின் பெயராயிற்று. அச்சங்கத்தின் முதல் தலைவியாக முன்வந்த மார்ட்யெ ஃபான் புட்டன் அப்போது வயதில் மிக இளையவர். பிற்காலத்தில் ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் உறுப்பினராக விளங்கியவர்.

இந்தச் சங்கத்தின் வரலாற்றில் நான் பெரிதும் மதிப்பது, தொடங்கிய சில காலத்திற்குள் அதன் கோரிக்கை அடைந்த மாற்றத்தை. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லப் பேருந்துகள் வேண்டும் என்பதே லாங்கன்ஹோஃப் முதலில் முன்வைத்த யோசனைகளுள் ஒன்று. ஆபத்து சாலையில் இருக்கிறது, ஆகவே குழந்தையைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்துவோம் என்னும் அந்த நியாயம், பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனுடைய மனத்தில் உதிப்பது இயல்பே. ஆனால் சங்கம் அதைத் தாண்டிச் சென்றது. பேருந்தில் ஏறிப் பள்ளிக்குப் போன பிள்ளை மாலையில் விளையாடப் போக வேண்டும், கடைக்குப் போக வேண்டும், தோழன் வீட்டுக்குப் போக வேண்டும். இவை யாவற்றுக்கும் பேருந்து விட முடியாது. குழந்தைக்கு ஏற்றதாகச் சாலையை மாற்றுவது ஒன்றே வழி என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். நம் தமிழ்நாட்டிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் வழங்கும் திட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடைபெற்று வருகிறது. அந்த வண்டிகளில் ஏறி நெடுஞ்சாலையின் ஓரத்தில் லாரிகளுக்கு ஒதுங்கியபடி பள்ளிக்குச் செல்லும் பெண் குழந்தைகளைப் பார்த்திருப்பவர்களுக்கு, அந்த முடிவின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சங்கத்தார் கையாண்ட முறைகளில் சினமும் இருந்தது, மகிழ்ச்சியும் இருந்தது. விபத்துகள் அடிக்கடி நேரும் சந்திகளில் கூட்டமாகச் சென்று அமர்ந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். சில நாட்களில் தெருவின் இரு முனைகளையும் அடைத்து, உள்ளே பிள்ளைகளை விளையாட விட்டார்கள். நடுத்தெருவில் நீண்ட மேஜைகளைப் போட்டு அக்கம்பக்கத்தார் யாவரும் ஒருங்கே அமர்ந்து விருந்துண்டார்கள். இசைப்பெட்டி பொருத்திய சைக்கிள்களில் பிரதமர் யோப் டென் ஆய்லின் வீட்டுக்கே சென்று, பிள்ளைகளுக்குப் பத்திரமான தெருக்கள் வேண்டுமென்று பாடினார்கள்; பிரதமரும் வெளியே வந்து அவர்களுடைய விண்ணப்பத்தைக் கேட்டார். யோகினன் சாலை போட நினைத்த அதே டெ பைப் பகுதியில், 1972இல் சிறுவர் சிறுமியர் தாங்களே கையெழுத்துத் திரட்டித் தங்கள் தெருவை மறித்துப் போராடியதையும், இறங்கிவந்து சண்டையிட்ட மோட்டார்க்காரர்களோடு அவர்கள் அஞ்சாமல் வாதாடியதையும் காட்டும் தொலைக்காட்சிப் படம் ஒன்று இன்றும் காணக் கிடைக்கிறது. அந்தப் பிள்ளைகளின் முகங்களில் தெரிகிற தீவிரம், எத்தனை அறிக்கைகளைப் படித்தாலும் நமக்குக் கிட்டாத ஒரு தெளிவைக் கொடுக்கிறது.

காலமும் அவர்களுக்குத் துணைசெய்தது. 1973 அக்டோபரில் மேற்காசிய யுத்தத்தை ஒட்டி அரபு நாடுகள் ஹாலந்துக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தியபோது, அரசாங்கம் நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டுவதைத் தடை செய்தது. மறு ஆண்டு ஜனவரி 6 வரை நீடித்த அந்த ஞாயிறுகளில், வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் குடும்பம் குடும்பமாகச் சைக்கிளிலும் சக்கரக் காலணிகளிலும் உலாவினார்கள். தங்கள் தெரு இப்படியும் இருக்கலாம் என்பதை ஒரு தலைமுறை முழுவதும் ஒரே சமயத்தில் கண்ணால் கண்டது. ஆனால் எண்ணெய்த் தட்டுப்பாடே ஹாலந்தைச் சைக்கிள் நாடாக்கியது என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. அதே தட்டுப்பாடு ஐரோப்பாவின் பல நாடுகளை வாட்டியது. வேறு சில நாடுகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார்களை நிறுத்தின. எண்ணெய் திரும்பி வந்ததும் மோட்டார்களும் திரும்பி வந்தன. ஹாலந்தில் மட்டும் கதை வேறாகப் போனதற்குக் காரணம், தட்டுப்பாடு வருவதற்கு முன்பே கோரிக்கை தயாராக இருந்தது என்பதுதான்.

1975இல் சைக்கிள் ஓட்டுவோருக்கெனத் தனிச் சங்கம் ஒன்று தோன்றியது. 1883இல் சைக்கிள்காரர்களின் சங்கமாகவே பிறந்து, காலப்போக்கில் மோட்டார்க்காரர்களின் பெரும் ஸ்தாபனமாக மாறிவிட்ட ஏ.என்.டபிள்யூ.பி.யைச் சுட்டிக்காட்டும் வகையில், நாங்களே உண்மையான சைக்கிள்காரர் சங்கம் என்று பொருள்படும்படி அவர்கள் பெயரிட்டுக்கொள்ள, பழைய ஸ்தாபனம் வழக்குத் தொடர்ந்து பெயரை மாற்றவைத்தது. பின்னாளில் ஃபீட்சர்ஸ்போன்ட் என்று வழங்கிய அந்தச் சங்கத்தின் தொண்டர்கள், ஊர்வலங்களை நடத்தியதோடும் தெருக்களில் வெள்ளைக் கோடு தீட்டித் தாங்களே பாதை வகுத்ததோடும் நின்றுவிடவில்லை. ஒவ்வோர் ஊரிலும் எந்தச் சந்தியில் சைக்கிள் தடுமாறுகிறது, எங்கே பாதை திடீரென்று அறுந்துபோகிறது, எந்த இடத்தில் லாரி திரும்பும்போது சைக்கிள்காரருக்கு ஒதுங்க வழியில்லை என்பதை நேரில் ஆராய்ந்து பட்டியலிட்டு நகரசபைகளின் முன் வைத்தார்கள். பாதுகாப்பு வேண்டும் என்று பொதுப்படக் கேட்கிறவருக்கு, ஆகட்டும், கவனிக்கிறோம் என்று பதில் சொல்லி அனுப்பிவிட எந்த அதிகாரிக்கும் எளிது. இந்த மூலையில் நடைபாதையின் விளிம்பை இத்தனை அடி முன்னே தள்ளவேண்டும் என்று வரைபடத்தோடு வந்து நிற்கிறவரை அப்படி அனுப்ப முடியாது; செய்கிறேன் என்றோ, செய்யமாட்டேன் என்றோ, இன்ன காரணத்தால் என்றோ அவருக்கு விடை சொல்லியாக வேண்டும். துயரத்தில் பிறந்த கோரிக்கை நுணுக்கத்தை அடைந்தபோதுதான் அதற்கு வலிமை வந்தது என்பதே இந்த வரலாற்றை ஆராய்ந்ததில் எனக்கு ஏற்பட்ட உறுதியான அபிப்பிராயம்.

அந்த நுணுக்கம் ஒரே நாளில் வந்ததன்று. 1970களின் மத்தியில் மத்திய அரசாங்கம் ஹேக், டில்பர்க் என்னும் இரு நகரங்களில் மாதிரிச் சைக்கிள் வழிகளை அமைத்துப் பரிசோதித்தது. அகலமானதும் மோட்டார்ப் போக்குவரத்திலிருந்து பிரிக்கப்பட்டதுமான நீண்ட வழி ஒன்று நகரின் ஊடே போயிற்று. மோட்டார்கள் நிற்க இடமில்லாவிட்டால் வியாபாரம் நசித்துவிடும் என்று கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வழி திறந்தபின் அதில் சைக்கிள்கள் நிறையவே ஓடின. ஆனால் ஆராய்ந்து பார்த்தபோது, அவற்றில் பல பக்கத்துத் தெருக்களில் முன்பே ஓடிக்கொண்டிருந்து இங்கே இடம் மாறியவை என்பதும், நகரத்தில் சைக்கிள் உபயோகம் மொத்தத்தில் பெரிதாக உயரவில்லை என்பதும் தெரியவந்தது. தலைவாய்க்காலை மட்டும் வெட்டிவிட்டுக் கிளைவாய்க்கால்களை மறந்துபோனால் வயலில் நீர் பாயாது. வீட்டிலிருந்து அந்த நல்ல வழிவரை போய்ச் சேர்வதற்கும், அதைவிட்டு இறங்கிப் பள்ளிக்கூடத்தை அடைவதற்கும் இடையிலுள்ள தெருக்கள் பழையபடியே இருந்தால், தாய் தன் பிள்ளையை வெளியே அனுப்பமாட்டாள்; ஏனெனில் பயணத்தின் மிக மோசமான நூறு கஜம் எதுவோ, அதைக் கொண்டுதான் அவள் தீர்மானிக்கிறாள்.

இப்பாடத்தை டெல்ஃப்ட் நகரம் கற்றுக்கொண்டது. வீட்டுத் தெருக்களில் நடைபாதை, வண்டிப்பாதை என்ற பிரிவினையே இல்லாமல் மரங்களும் திருப்பங்களும் வைத்து, மோட்டார் அங்கே நடக்கும் வேகத்தில்தான் ஊர முடியும்படி அமைக்கும் முறை 1960களின் இறுதியிலேயே இந்நகரில் தோன்றி, 1976இல் சட்ட அங்கீகாரமும் பெற்றிருந்தது. 1980களில் அந்நகரம், தன் சைக்கிள் வழிகளை மூன்று அடுக்குகளாக வகுத்துக்கொண்டது. நகரம் முழுவதையும் கடக்கும் வழிகள் சுமார் 500 மீட்டருக்கு ஒன்றாகவும், பேட்டைகளுக்கு உள்ளே செல்லும் வழிகள் அதனினும் நெருக்கமாகவும், குழந்தைகளும் அண்டை வீட்டாரும் உபயோகிக்கும் சிறு வழிகள் நூறு, நூற்றைம்பது மீட்டருக்கு ஒன்றாகவும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. புதிதாகப் போட்டவை பெரும்பாலும் விட்டுப்போன இணைப்புகளே: இங்கே ஒரு சிறு பாலம், அங்கே ஒரு சுரங்க வழி, வேறோரிடத்தில் ஒருவழித் தெருவில் சைக்கிளுக்கு மட்டும் எதிர்த்திசை அனுமதி. ஏற்கெனவே பயணங்களில் நூற்றுக்கு 40 சைக்கிளில் நடந்த நகரம் அது. வலைப்பின்னல் முடிந்தபின் அது 43 ஆயிற்று. மூன்று தானே என்று அலட்சியமாய்க் கூறுவோர், ஏற்கெனவே உயர்ந்திருந்த எண்ணிக்கை இங்கே மேலும் ஏறியது என்பதைக் கருதவேண்டும்.

வடக்கே க்ரோனிங்கன் வேறு மார்க்கத்தில் சென்றது. மாக்ஸ் ஃபான் டென் பெர்க் என்னும் இளைஞர், அந்நகராட்சியின் போக்குவரத்துப் பொறுப்பை ஏற்றிருந்தார். அவர் வகுத்த திட்டப்படி நகரின் மையம் நான்கு பகுதிகளாகப் பிரிந்தது. ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குச் சைக்கிளும் நடப்பவரும் பேருந்தும் நேரே போகலாம், மோட்டார் மட்டும் வெளியே வட்டச்சாலைக்குச் சென்று சுற்றிக்கொண்டுதான் திரும்ப உள்ளே வர முடியும். 1977 செப்டம்பர் 19 அன்று, இரவோடிரவாக அறிவிப்புப் பலகைகளை மாற்றி அத்திட்டம் அமலுக்கு வந்தது. வியாபாரிகளின் கோபம் எல்லை மீறியது. நகரசபையில் வார்த்தைகள் தடித்தன. தடை விதிக்காமல், விலை ஏற்றாமல், மோட்டாரின் வழியைச் சற்று நீளமாக்கியும் சைக்கிளின் வழியைக் குறுக்கியும் செய்த அந்த எளிய உபாயம் நிலைத்துவிட்டது. இன்று அந்நகருக்குள் நிகழும் பயணங்களில் பாதிக்கு மேல் சைக்கிளில் நடைபெறுகின்றன.

சாலைச் சந்தியின் அமைப்பைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனென்றால் சைக்கிள்காரர் உயிர் பெரும்பாலும் போவது நேர்ச் சாலையிலன்று, சந்தியிலேதான். அந்நாட்டில் வாகனங்கள் வலப்பக்கம் செல்பவை. ஆகவே அங்கே வலப்புறம் திரும்புவது நமக்கு இடப்புறம் திரும்புவதை ஒக்கும். நேரே போகிற சைக்கிளும், அதன் பக்கத்திலேயே வந்து சட்டென்று திரும்புகிற லாரியும் மோதிக்கொள்வதே மிகக் கொடிய விபத்து. லாரிக்காரர் இருக்கையிலிருந்து பார்த்தால் தன் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும் சைக்கிள் கண்ணுக்கே படாது. டச்சுப் பொறியியலாளர்கள் இதற்குக் கண்ட பரிகாரம் பின்வருமாறு. சைக்கிள் பாதை சந்தியை நெருங்கும்போது, மோட்டார்ச் சாலையைவிட்டுச் சற்று வெளிப்புறமாக வளைகிறது. சந்தியின் மூலையில், பாதைக்கும் சாலைக்கும் நடுவே, நீள்வட்டமான சிறு மேடை ஒன்று எழும்புகிறது. மோட்டார் அந்த மேடையைச் சுற்றித் திரும்பவேண்டியிருப்பதால் அதன் வேகம் தானே தணிகிறது. திரும்பி முடித்தபின், சைக்கிள் பாதை குறுக்கே போகும் இடத்துக்கு வருவதற்கு முன், ஒரு கார் நீளத்துக்கு, அதாவது சுமார் ஐந்து மீட்டர் இடைவெளி இருக்கிறது. இதனால் விளையும் நன்மை இரண்டு: பக்கக் கண்ணாடியில் தேடவேண்டிய சைக்கிள், ஓட்டுநரின் முகத்துக்கு நேரே வந்துவிடுகிறது, அதற்கு வழிவிட்டு நிற்கும் மோட்டார், பின்னால் வருவோருக்குத் தடையாவதுமில்லை. சிவப்பு விளக்குக்காக நிற்கும் சைக்கிள்காரர், மேடையின் மறைவில், மோட்டார்கள் நிற்கும் கோட்டுக்கு வெகுவாக முன்னால் நிற்கிறார். எதிர்ப்புறம் திரும்ப வேண்டியவர் நடுச்சாலைக்கு வந்து தவிக்க வேண்டியதில்லை. முதலில் நேரே கடந்து, பின் மறுபடி நேரே கடந்தால் திரும்பியாயிற்று. சிவப்புத் தார் போட்ட பாதை சந்தியின் குறுக்கே அறாமல் செல்வதால், எந்த இடம் யாருடையது என்ற ஐயமும் எழுவதில்லை. இந்த அமைப்புக்கு வேண்டுவது கொஞ்சம் சிமெண்டும், இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் மனமுமே. கண்ணியமான ஓட்டுநரை எதிர்பார்த்து அமைந்ததன்று இது. அவசரக்காரரும் அயர்ந்தவரும் வருவார்கள் என்று அறிந்து, அவர்களுடைய பிழை ஒரு பிள்ளையின் மரணமாக முடியாதபடி செய்துவைத்த ஏற்பாடு.

மனிதன் பிழை செய்வான் என்ற இந்த அடிப்படையை 1992இல் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் ஒரு முழுத் தத்துவமாகவே வகுத்தது. வேகமும் எடையும் பெரிதும் வேறுபடுகிற வாகனங்களை ஒரே பாதையில் கலக்கவிடக் கூடாது. கலந்தே தீரவேண்டிய இடத்தில் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் குறைக்கவேண்டும். வேகம் இரட்டித்தால் மோதலின் சக்தி நான்கு மடங்காகிறது என்ற பௌதிக விதியை எந்த அறிவுரையாலும் மாற்ற முடியாது. அடுத்த ஆண்டு வெளிவந்த சைக்கிள் பாதைகளுக்கான பொறியியல் கையேடு, தொடர்ச்சி, சுற்றின்றி நேரே செல்லும் தன்மை, பாதுகாப்பு, சௌகரியம், கவர்ச்சி ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு பாதையும் கொண்டிருக்கவேண்டிய லட்சணங்களாக வரையறுத்தது. வழக்கு மன்றத்திலும் நிலைமை மாறியிருந்தது. மோட்டார் மோதிச் சைக்கிள்காரரோ நடப்பவரோ காயமுற்றால், தவிர்க்கவே இயலாத சந்தர்ப்பம் என்று நிரூபித்தாலன்றி நஷ்டஈடு மோட்டார்க்காரரின் பொறுப்பு. காயமுற்றது 14 வயதுக்குட்பட்ட பிள்ளையாயின், பிள்ளையின் பிழையைக் காட்டி அவர் தப்ப முடியாது. ஹாலந்தின் வெற்றி முழுவதும் இந்தச் சட்டத்தால் வந்தது என்று வெளிநாட்டார் சிலர் எண்ணுகின்றனர். சட்டத்தின் நியாயத்தை நான் மனமார ஏற்கிறேன். ஆனால் அது பிரதானமாக நஷ்டஈட்டைப் பற்றியது. விபத்து நேர்ந்தபின் செயற்படுவது. மூலையில் எழும்பிய மேடையோ விபத்துக்கு முன்னால் செயற்படுகிறது.

பெற்ற உரிமையைக் காத்துக்கொள்வதும் எளிதாக இருக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற ரைக்ஸ் கலைக்கூடத்தைக் கட்டிய பியர் கோய்பர்ஸ், 1885இல் திறந்த அம்மாளிகையின் அடியில் நகரத்தின் தெரு ஒன்று வளைவுகளின் கீழே ஊடுருவிச் செல்லும்படி அமைத்திருந்தார். தலைமுறை தலைமுறையாக நகரத்தார் அதன் வழியே சைக்கிளில் போய்வந்தார்கள். 2003இல் தொடங்கிய பெரும் புனரமைப்பின்போது, வாயிலை அங்கே மாற்றவும் சைக்கிளை அகற்றவும் ஏற்பாடு நடந்தது. சைக்கிள் சங்கத்தார் அதை எதிர்த்துப் பத்தாண்டுகள் வாதாடினார்கள். நடைப்பயணிகளோடு சைக்கிள் மோதும் என்று கூறியவர்களுக்கு அவர்கள் அகலங்களையும் அளவுகளையும் கொண்டே விடையளித்தார்கள். 2013 ஏப்ரலில் கலைக்கூடம் திறந்தது. மே மாதத்தில் அந்த வழியில் சைக்கிள்கள் மீண்டும் ஓடின.

1971இல் நானூற்றுக்கு மேற்பட்டிருந்த குழந்தைகளின் சாவு, 2010இல் 14 ஆகக் குறைந்தது. அதற்குள் மோட்டார்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியிருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கும்போது, சாலைப் பொறியியலின் சரித்திரத்தில் இதற்கு நிகரான சாதனைகள் மிகச் சிலவே என்று துணிந்து சொல்லலாம். ஆனால் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை, முகம் மாறியிருக்கிறது. 2017இல் முதன்முறையாக அந்நாட்டில் காரில் சென்று மாண்டவரைவிடச் சைக்கிளில் சென்று மாண்டவர் தொகை அதிகமாயிற்று. 2022இல் சாலையில் இறந்த 737 பேரில் 291 பேர் சைக்கிள்காரர்கள். அவர்களுள் பெரும் பகுதியினர் முதியவர்கள். மின்விசையால் ஓடும் சைக்கிள், எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் நெடுந்தூரம் செல்லும் சுதந்திரத்தை அளித்திருக்கிறது. அதே சமயம், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட குறுகிய பாதைகளில் வேகம் வேறுபட்ட வண்டிகள் நெருங்கிச் செல்லும் நிலையையும் உண்டாக்கியிருக்கிறது. பாதையின் நடுவே மோட்டார்களைத் தடுக்க நட்ட சிறு கம்பங்களும், செங்குத்தான விளிம்புக் கற்களும், இளைஞருக்கு ஒரு பொருட்டாகத் தோன்றாதவை, கண்பார்வை மங்கிய ஒருவரைக் கீழே தள்ளி இடுப்பெலும்பை முறிக்கப் போதுமானவை.

ஆகவே சங்கத்தாரின் வேலை இன்றும் பழைய முறையிலேயே நடந்துவருகிறது. ஃபீட்சர்ஸ்போன்டின் தொண்டர்கள் தத்தம் ஊர்களின் பாதைகளில் தாங்களே சென்று, இத்துண்டில் தார் இருக்கிறதா செங்கல் பாவியிருக்கிறதா, இரவில் விளக்கு எரிகிறதா, அருகே மோட்டார்கள் எத்தனை நெரிசலாகப் போகின்றன என்று ஒவ்வொன்றையும் பதிவு செய்து, நாடு முழுவதற்குமான வழிகாட்டி ஒன்றைப் பராமரித்து வருகிறார்கள். பயணம் புறப்படுகிறவர் நல்ல வழியை அதிலிருந்து தெரிந்துகொள்கிறார். கேட்பதற்கு வேண்டிய ஆதாரங்களையும் சங்கத்தார் அதைக் கொண்டே திரட்டிக்கொண்டு, அடுத்த நகரசபைக் கூட்டத்துக்குப் போகிறார்கள். எடுக்கவேண்டிய கம்பம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது உட்பட.